லேசர் காலும் முதல் சாரலும்

சாரல் இறங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்குப் புத்தி வீட்டில் நிற்காது. செருப்பு மாட்டுவதற்குள் அது ஐந்தருவிக்குப் போய்விடும். அந்த வருஷம் என் புத்தி போகலாம், கால் போகக்கூடாது.

எல்லாம் இட்லிக் கடையால் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடுப்பே கதி என்று நின்று நின்று, வலது காலில் நரம்பு பாகற்கொடி மாதிரி சுருண்டு ஏறிவிட்டது. (என் சாம்பாரை இன்றும் கேட்பவர்கள் உண்டு. காலைக் கேட்பவர்தான் இல்லை.) ரத்தம் மேலே ஏறாமல் அங்கேயே தேங்குகிறதாம். கத்திக்குப் பயந்து பல வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மகள் செல்வி, அவள் போலீஸ், திருடனை இழுப்பது போல ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அங்கே கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ஊசித் துளை வழியே மெல்லிய கம்பியை விட்டு, லேசர் சூட்டில் கெட்ட நரம்பை அடைத்தார்கள். அன்றைக்கே நடந்து வீடு வந்தேன்.

தொடை வரை இறுக்கமான காலுறையை மாட்டிவிட்ட டாக்டரம்மா, "தினமும் நடங்க ஆச்சி. நான் சொல்ற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாது, நனைக்கவும் கூடாது. புண்ணு சீப்பிடிச்சா கஷ்டம்" என்றார்.

மறுநாளே சாரல்!

ஆய்க்குடியிலிருந்து மதினி பேச்சியம்மாள், என் வீட்டுக்காரரின் அக்கா, தலையில் எண்ணெய் வழிய வந்து நின்றாள். கல்யாணமாகி வந்த வருஷம், பயந்து நின்ற என்னைக் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தவளே அவள்தான். அன்றிலிருந்து முதல் சாரலுக்கு நாங்கள் சேர்ந்துதான் தலை கொடுப்போம்.

"காலை நனைக்கக் கூடாதுன்னுதானே சொன்னா? குளிக்கக் கூடாதுன்னா சொன்னா?" என்றாள் மதினி.

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

உரச்சாக்குக்குள் வரும் பிளாஸ்டிக் பையில் என் காலை நுழைத்து, தொடையில் சைக்கிள் டியூபால் கட்டினாள். "செல்விக்குப் பேரருவியிலதான் டியூட்டி. பயப்படாம வா."

ஐந்தருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தேன். மஞ்சளும் சீயக்காயும் மணத்தது. கண்ணை மூடியதும், மதினியின் கையைப் பிடித்த அந்தப் புதுப்பெண்ணாகவே ஆகிவிட்டேன்.

பிறகு காலைத் தூக்கினேன். வரவில்லை. மேலே புகுந்த தண்ணீருக்குக் கீழே வழியில்லை. பை நிரம்பி, கால் நெல்லுக் குதிர் மாதிரி உப்பி நின்றது.

"எக்கா, இங்கன பாருங்க! ஆச்சி காலு வீங்குது!" என்று ஒருத்தி அலற, பெண்கள் சிதறி ஓடினார்கள். விசில் சத்தம் கேட்டது. ஊதியது யார் என்று பார்த்தேன். டியூட்டி மாறி இங்கே வந்திருந்தாள் என் மகள்.

"எம்மா!"

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "நான் இல்லட்டி" என்றேன்.

"அத்தை, நீங்களுமா?"

மதினி கொண்டை ஊசியை உருவிப் பையில் ஒரே குத்து. பீய்ச்சியடித்த தண்ணீரில் செல்வியின் காக்கிச் சட்டை நனைந்தது.

"ஏட்டி, ஆறாவது அருவி!" என்று கூட்டத்தில் ஒரு குரல். ஐந்தருவியே சிரித்தது.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "ஒன் காலு நல்லாவணும்னுதானம்மா நான் கெடந்து அலையுதேன்" என்றாள். அவள் கண்ணில் இருந்தது அருவித் தண்ணீர் இல்லை. அதோடு என் சிரிப்பும் நின்றுபோனது.

ஈரத்தோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா துளைகளைத் துடைத்து ஸ்கேன் வைத்துப் பார்க்கும்வரை, ஆய்க்குடி முருகனை நான் விடவில்லை.

"அடைச்ச நரம்பு அடைச்சபடியே இருக்கு. தப்பிச்சீங்க. ஆனா இந்த டியூபைக் கட்டினது யாரு? ரத்த ஓட்டத்தையே நிறுத்தியிருக்கும்!"

மதினி கூரையைப் பார்த்தாள்.

இப்போது கால் பஞ்சாக இருக்கிறது. சாரல் விழுந்ததும் டியூட்டியிலிருந்து செல்வி போன் போடுவாள்: "எம்மா, அஞ்சுலயும் தண்ணி கொட்டுது. ஆறாவதைக் கூட்டிட்டு வாரியா?"

"மதினி கொண்டை ஊசியோட கெளம்பியாச்சுட்டி" என்பேன்.