ராயகிரி மாட்டுக்கு நான் அடித்த ஹாரன்

அரைகுறைப் படிப்பை வீட்டு மாட்டிடம் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்துத் தீனி வைத்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச்சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று உளவியல் பாடத்தில் வந்தது. எங்கள் மாடோ, கன்று செத்ததிலிருந்து பாலை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. பூஜை மணியைத் தர அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் என் ஓட்டை ஸ்கூட்டரின் ஹாரனை இரண்டு தடவை அடித்து, உடனே பருத்திக்கொட்டை வைத்துக் கறக்கச் சொன்னேன். சில வாரங்களில் ஹாரனைக் கேட்டதுமே மடி சுரந்தது. (சங்கரன்கோவிலில் என்னை விட்டால் விஞ்ஞானி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.)

பிறகு அப்பா அந்த மாட்டை ராயகிரியில் ஓர் அண்ணாச்சிக்கு விற்றார். "கை வச்சா போதும், பால் எறங்கிரும்" என்று வாக்குக் கொடுத்தார். ஹாரனைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அந்த வாரமே ராயகிரி அண்ணாச்சியிடமிருந்து அப்பாவுக்கு போன் வந்தது.

"ஒரு சொட்டு எறங்க மாட்டேங்கு, அண்ணாச்சி. உம்ம நம்பித்தான வாங்குனேன். சாயங்காலம் லோடு ஆட்டோல ஏத்தி உம்ம வாசல்லயே விட்டுருதேன்."

அப்போதுதான் எங்களுக்கு ஹாரன் ஞாபகம் வந்தது. மாடு விற்பதில் அதுவரை யாரும் அப்பாவை ஒரு சொல் சொன்னதில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "என் வாக்குல மண்ணப் போட்டுட்டியேலே" என்றார். எனக்கு அழுகை வந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பாதி வழியில், கரிவலம்வந்தநல்லூரில், படுத்துவிட்டது. மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு பஸ் ஏறினேன். (ஹாரனை போனில் பதிந்துகொண்டு வந்திருக்கலாம் என்பது பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றியது.)

தொழுவத்தில் அண்ணாச்சி வீட்டார் மொத்தமும் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி தன் பைக் ஹாரனை அடித்துப் பார்த்தார். மாடு நிம்மதியாக வைக்கோல் தின்றது.

"இப்ப என்ன செய்ய?" என்றார்.

பருத்திக்கொட்டையைக் கையில் அள்ளி, வெட்கத்தை விட்டு, மாட்டின் காதருகே என் ஸ்கூட்டர் போலவே இரண்டு தடவை கத்தினேன். தகர டப்பாவை ரோட்டில் இழுப்பது போல இருந்தது. அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாடு திரும்பி என்னைப் பார்த்தது. மடி சுரந்தது.

"ஏட்டி, செம்ப எடு" என்றார் அண்ணாச்சி, சிரிக்காமல். "நீங்க நிறுத்தாதீங்க தம்பி. பால் வருதுல்லா."

செம்பு நிறையும்வரை கத்தினேன். மறுநாளைக்கு ஆகும் என்று அண்ணாச்சி அதை போனில் பதிந்துகொண்டார். அப்பாவுக்கு போன் போட்டு, பால் இறங்கிவிட்டதைச் சொன்னேன். "சரில, நான் சாப்பிடுதேன்" என்றார்.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் காபி தாமதமானால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். "ஏலே, ரெண்டு தடவ அடிச்சு விடு, பால் வரட்டும்" என்பார் அப்பா. நானும் கூச்சமில்லாமல் கத்துகிறேன். கத்தினால்தான் எனக்குக் காபி. அப்படிப் பழக்கிவிட்டார்கள்.