அரை டாலர் வாளி

ரசீதில் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் என்று அச்சாகியிருந்தது. ஆர்லன் ஹவுகன் அன்று காலை கூட்டுறவு வங்கிக்குத் தூக்கிப்போனது சரியாக இருநூற்றைம்பது டாலர், எல்லாம் அரை டாலர் காசுகள். முப்பத்தெட்டு டாலர் குறைந்தது. எண்ணிக் கொடுத்த காசாளரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, காசுக் கணக்கு எழுதுகிற குறிப்பேட்டைப் பார்க்க நிலவறைக்கு இறங்கினார்.

அங்கே துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் அந்த இருநூற்றைம்பது டாலரும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஆர்லன் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வாளிகள் இரண்டு. இரண்டுமே வெனிலா ஐஸ்கிரீம் வந்த வெள்ளை வாளிகள். படிக்கட்டில் கால் இடறுகிறது என்று மனைவி லவோன் ஞாயிற்றுக்கிழமை சொன்னதால், இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்றில் வேண்டாத காசு. இன்னொன்றில் பதினோரு வருடம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆர்லன் நெடுஞ்சாலை ஓரத்து வங்கியில் ஐந்நூறு டாலர் கொடுத்து ஒரு பெட்டி அரை டாலர் வாங்குவார். பெட்டிக்கு ஐம்பது காகிதச் சுருள், ஆக ஆயிரம் காசு. நிலவறை மேசையில் ஒவ்வொரு சுருளாக உடைத்து, காசுகளின் விளிம்பைப் பார்ப்பார். விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் அது வெறும் காசு. விளிம்பு முழுக்க வெளுத்திருந்தால் பழைய காலத்து வெள்ளிக் காசு. வெள்ளியை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் கூட்டுறவு வங்கியின் எண்ணும் இயந்திரத்தில் கொட்டிவிட்டு வருவார். வாங்குகிற வங்கியில் கொட்டக் கூடாது, கொட்டுகிற வங்கியில் வாங்கக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் ஒரே சட்டம். மீறினால் தான் கொட்டிய காசையே தான் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

இப்படிச் சேர்ந்தவை நானூற்று இருபத்து நான்கு வெள்ளிக் காசுகள். முகமதிப்பு இருநூற்றுப் பன்னிரண்டு டாலர். ஃபார்கோவில் பழைய காசு வாங்குகிற கடைக்காரர் போன மாதம் சொன்ன விலை ஐயாயிரத்துக்கும் மேல். அந்தப் பணத்தில்தான் லவோனைக் கப்பலில் அலாஸ்காவுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆறு வருடமாக அதே ஏற்பாடு. ஒவ்வொரு வசந்தத்திலும் லவோன் கப்பல் கம்பெனியின் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைப்பாள். வெள்ளி விலை இன்னும் ஏறும் என்று சொல்லி ஆர்லன் அதை நகர்த்தி வைத்துவிட்டு உப்பு டப்பாவை எடுப்பார்.

காலையில் நடந்தது எல்லாம் டக் என்கிற நண்பனின் போனால் வந்தது. ஆர்லன் இயந்திரத்தில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டக் கூப்பிட்டு, ஒரே சுருளில் ஒன்பது வெள்ளி கிடைத்ததாகச் சொன்னான். ஆர்லன் பதினோரு வருடத்தில் ஒரே சுருளில் மூன்றுக்கு மேல் பார்த்ததில்லை. டக் ஒவ்வொரு காசின் வருடத்தையும் நிதானமாகப் படித்துக் காட்டினான். அந்த நேரத்தில் இயந்திரம், வெள்ளியைக் கண்டால் செய்கிற வழக்கப்படி, காசுகளை ஒன்றுவிடாமல் கீழ்த்தட்டில் துப்பிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் விட்டுப்போன தட்டை எல்லாம் விரலால் துழாவிப் பார்க்கும் ஆர்லன் தன் தட்டைப் பார்க்கவில்லை. இயந்திரம் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக் காசாளர் மார்லிஸிடம் கொடுத்தார். அவள் கையாலேயே எண்ணி ரசீது போட்டாள். பிறகு ஆர்லன் காப்பிக் கடைக்குப் போய், ஒன்பது வெள்ளியை நினைத்து வயிறெரிந்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் லவோன் இல்லை. சூப் அடுப்பில் இருக்கிறது, ஊருக்குள் போயிருக்கிறேன் என்று சீட்டு மட்டும் இருந்தது. ஆர்லன் சூப்பைத் தொடாமல் வங்கிக்கு வண்டியை விட்டார்.

நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் காசு தேடுகிறவன் காசாளர் முன்னால் வெள்ளி என்ற சொல்லை எடுக்கவே மாட்டான். எடுத்தால் அடுத்த நாள் முதல் காசாளரும் தேட ஆரம்பித்துவிடுவார். அதோடு, எல்ம் லேக் ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. வீடு பற்றி எரிந்தால்கூட முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் பேசுவார்கள்.

எனவே ஏரியில் பனிக்கட்டி இளகுவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஆர்லன் கேட்டார். "மார்லிஸ், அரை டாலர் ஏதாவது கைவசம் இருக்கா?"

மார்லிஸ் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். "ஒண்ணுகூட இல்ல, ஆர்லன்."

"காலையில இருந்திருக்குமே."

"காலையில இருந்துச்சு."

அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். எப்போதும் கொண்டுவந்து கொட்டுகிற ஆள் இன்று கேட்கிறாரே என்று மெதுவாகச் சொன்னாள். ஆர்லனுக்கு வாயில் வந்தது சர்ச். வசந்த விற்பனையில் குழந்தைகளுக்குத் தூண்டில் விளையாட்டு உண்டு, அதற்குப் பரிசாக அரை டாலர் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார்.

"நல்ல காரியம்," என்றாள் மார்லிஸ்.

போகிற போக்கில் கேட்பதுபோல, வங்கியில் சேருகிற சில்லறை எல்லாம் எங்கே போகிறது என்று விசாரித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி வந்து ஃபார்கோ தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் என்று அவள் சொன்னாள்.

அன்று இரவு சாப்பாட்டில் லவோன் வழக்கத்தைவிடக் கலகலப்பாக இருந்தாள். உருளைக்கிழங்கை அவர் தட்டில் இரண்டாவது தடவை வைத்தபடி கேட்டாள்.

"இந்த வாரம் வெள்ளி ஏதாவது ஆப்பிட்டுதா?"

"ஒண்ணும் இல்ல."

"போகட்டும். இருக்கிறது எங்க போகப்போகுது."

ஆர்லன் உப்பு டப்பாவை எடுத்தார்.

மறுநாள் காலை போதகர் போன் செய்தார். எடுத்தது லவோன். குழந்தைகளுக்கு இருநூறு டாலர் அரை டாலராகத் தரப்போகிறீர்களாமே, மார்லிஸ் சொன்னாள், என்று நன்றி சொன்னாராம். லவோன் அதை ஆர்லனிடம் தெரிவித்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவ்ளோ பெரிய மனசு உனக்கு இருக்கும்னு இத்தன வருசம் தெரியாமப் போச்சே. இருநூறு எதுக்கு, முந்நூறாவே போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன்."

ஆர்லன் இருநூறு என்று யாரிடமும் சொல்லவில்லை. தொகை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு அப்போது நேரமில்லை. வண்டி ஃபார்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். சில்லறையாகத் தர மாட்டார்கள், முத்திரை வைத்த பையாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பை ஆயிரம் டாலர். கையில் அவ்வளவு இல்லை. மறுபடி மார்லிஸிடம் போய், தன் பெயரிலும் லவோன் பெயரிலும் இருக்கிற சேமிப்பிலிருந்து ஆயிரம் எடுத்தார். சர்ச்சுக்கா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. தூண்டில் விளையாட்டு இந்த வருடம் பெரிதாக இருக்கும்போல என்று சொல்லிக்கொண்டே அவள் நூறு டாலர் தாள்களை எண்ணினாள்.

புதன்கிழமை, டக்கோடு ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறேன் என்று லவோனிடம் சொன்னார். பனிக்கட்டி மெலிந்துபோயிருக்கிறது, ஜாக்கிரதை என்று சொல்லி அவள் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி கட்டிக் கொடுத்தாள். மழையும் பனியுமாகக் கொட்டிய சாலையில் எண்பது மைல் போய், இருபத்தைந்து கிலோ பை ஒன்றை வண்டிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வரும் வழியில் கடையில் நிறுத்தி மீன் வாங்கினார்.

லவோன் மீனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முள் எடுத்து, தோல் உரித்து, கல்லாக உறைந்திருந்தது.

"அங்கயே சுத்தம் பண்ணிட்டியா?"

"டக் பண்ணிக் கொடுத்தான்."

"அப்படியா. மத்தியானம் உன்னைக் கேட்டு போன் பண்ணினப்ப அவன் அதைச் சொல்லல."

லவோன் மீனைப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

வியாழக்கிழமை லவோன் காலையிலேயே நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, ஃபார்கோவில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆர்லன் நிலவறையில் இரண்டாயிரம் காசுகளின் விளிம்பையும் பார்த்தார். இரண்டாயிரத்திலும் செம்புக் கோடு. ஒன்றில் ஓட்டை இருந்தது. ஒன்று கனடாக்காரர்களுடையது. மாலை ஐந்து மணிக்கு அவர் விரல் நுனிகள் கறுத்திருந்தன, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

இனி வெள்ளியை விடு, ஆயிரம் டாலரையாவது சேமிப்பில் திருப்பிப் போட வேண்டும். மாதக் கணக்குத் தாள் வந்தால் லவோன்தான் முதலில் பிரிப்பாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆர்லன் நான்கு வாளிகளைக் கூட்டுறவு வங்கிக்குள் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போனார். இயந்திரம் முதல் வாளியை விழுங்கியது. இரண்டாவதையும் விழுங்கியது. மூன்றாவதில் பாதியில் முனகிற்று, ரப்பர் கருகும் வாடை வந்தது, திரையில் ஒரு சிவப்புக் கட்டம் தோன்றி அப்படியே நின்றது.

பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அந்த ஊரில் அது பெரிய வசவு.

மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். முதலில் ஆர்லனின் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, இந்த இயந்திரம் குழந்தைகளின் உண்டியலுக்காக வாங்கியது, ஆர்லனுடைய தேவைக்கு வேறு ஏதாவது ஊரில் இதைவிட நல்ல இயந்திரம் கிடைக்கலாம் என்று மிகுந்த அன்போடு சொன்னார். போகும்போது தோளில் தட்டிக் கொடுத்தார். ஆர்லனுக்குப் புரிந்தது. பதினோரு வருடமாகக் கொட்டிய இடம் மூடிவிட்டது.

மார்லிஸ் இயந்திரத்தின் மேல் 'பழுது' என்று ஒரு அட்டையை ஒட்டிவிட்டுத் தன் காசாளர் ஜன்னலுக்குத் திரும்பினாள். ஆர்லன் ஒன்றரை வாளியோடு அவள் முன்னால் போய் நின்றார். கொட்ட இடமில்லை, வெள்ளியும் இல்லை. வெள்ளிக்காக ஐந்து நாளாகச் சொன்ன பொய்களில் ஒன்று முந்நூறு டாலர் நன்கொடையாகச் சர்ச் அறிவிப்புப் பலகைக்கே போய்விட்டது. இனி காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்றதும் அவருக்குப் பேச்சு சுலபமாக வந்தது. வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மார்லிஸ், திங்கக்கிழமை நான் கொடுத்தது வாளி மாறிப்போன காசு. அவ்வளவும் வெள்ளி. அத வித்துதான் லவோனை அலாஸ்காவுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். சர்ச்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அது எங்க இருக்குன்னு தெரியணும்."

மார்லிஸ் பேனாவை மூடி வைத்தாள். அவள் முகத்தில் ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது.

"அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கே லவோன் வந்து இருநூத்திப் பன்னெண்டு டாலர் எண்ணி வச்சுட்டு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல கீழ எந்த வாளி மிச்சமிருக்குன்னு பாத்துட்டு நேரா இங்கதான் வந்தாங்களாம். ஆர்லன் நேரா கேட்டா சொல்லு, சுத்தி வளைச்சா விட்டுடுன்னாங்க."

ஆர்லன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார், கழுத்து வலித்தபோதும் சிரித்தார். உருளைக்கிழங்கு, போதகர், மீன் எல்லாம் வரிசையாக வந்து போயின. பின்னால் நின்றவர்களைப் பார்த்துக்கூடச் சிரித்தார்.

"அப்ப அது வீட்டுலயே எங்கயோ ஒரு அலமாரியில இருக்கு," என்றார். "நான்தான் முட்டாள்."

மார்லிஸ் தன் கணினித் திரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை அவர் கண்ணில் படாதபடி கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது, ஆர்லன். அந்தப் புதுக் கணக்குல உங்க பேரு இல்ல."