மாமியைப் பிடித்துக்கொண்ட பங்கர்

படித்ததெல்லாம் என் தலையில் பத்திரமாக இருக்கும். தேவையான நேரத்தில் மட்டும் கைக்கு வராது. இதற்குச் சாட்சி என் மாமி.

போர்க்காலம். குருக்கள்மடத்துக் கடற்கரை மணலில் வளர்ந்த நான், கரடியனாற்றில் கல்யாணம் கட்டி, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து சேர்ந்தேன். போதாததற்கு விஞ்ஞான ஆசிரியர். (கேட்க வேண்டுமா!) ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும், வீட்டு வளவில் பதுங்குவதற்கு பங்கர்க் குழி வெட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மேலே மரக்குற்றி அடுக்கி, மாமியின் உடம்புக்கு அளவாக ஒரு வாசலும் விட்டேன்.

கரடியனாற்று மண்ணோ கோடையில் வெடித்துக் கிடந்த கறுப்புக் களி. எங்கள் ஊரில் குழி வெட்டினால், மணல் சரியாமலிருக்கச் சுவரில் தண்ணீர் தெளிப்போம். இங்கேயும் வாசலோரம் மண் உதிர்வதைப் பார்த்து வாளி வாளியாக ஊற்றினேன்.

"மருமகன், இந்த மண் தண்ணியக் கண்டா சும்மா கிடக்காது," என்றார் மாமி மெதுவாக.

"பயப்பிடாதீங்க மாமி, ஊத்தினாத்தான் இறுகும்."

புது மருமகனை மறுத்துப் பேசும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமா இருமிவிட்டு எழுந்து போனார்.

களிமண் நுண்ணிய தாள்களை அடுக்கினாற்போல இருக்கும். இடையில் தண்ணீர் புகுந்தால் தாள்கள் விலகி மண் வீங்கும். இதை முந்திய கிழமைதான் கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பித்திருந்தேன். காலையில் வெடிப்புகள் மூடியிருப்பதைக் கண்டு பெருமைப்பட்டேனே தவிர, வாசல் ஒடுங்கியிருப்பதைக் கவனிக்கவில்லை.

மத்தியானம் ஷெல் வந்தது. மாமியை முதலில் இறக்கினோம். வாசலில் இடுப்போடு இறுகி நின்றுவிட்டார். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மற்றவர்களுக்கு உள்ளே போக வழியில்லை.

"என்ன விட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினார். யாரும் ஓடவில்லை. மாமா அவர் தலையைத் தன் நெஞ்சால் மூடிக்கொண்டார். நானும் மனைவியும் இரு பக்கமும் குப்புறப் படுத்தோம். அடுத்த ஷெல் வட்டையில், நெல் வயலுக்குள் விழுந்தது. மண் எங்கள் முதுகில் கொட்டியது. என் அறிவால் ஒரு குடும்பமே அழியப் போகிறது என்று நடுங்கினேன்.

அப்போது மாமி கேட்டார்: "மருமகன், இன்னும் ரெண்டு வாளி ஊத்திப் பாப்பமோ?"

அந்த நிலையிலும் மாமா சிரித்துவிட்டார். சத்தம் ஓய்ந்த பிறகு, மண்வெட்டியால் சுற்றிக் கொத்தி மாமியை எடுக்க ஒரு மணித்தியாலம் சென்றது.

இன்றும் சொந்தத்தில் யார் அத்திவாரம் வெட்டினாலும், "அவரத் தண்ணிப் பக்கம் விட்டுடாதீங்க" என்பார்கள். உடனே மாமி முழுக் கதையையும் நடித்துக் காட்டுவார். வெளியே எடுத்ததும் அவருடைய சேற்றுக் காலைப் பிடித்துக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுததை மட்டும் இன்றுவரை அவர் யாருக்கும் சொன்னதில்லை.