சாப்பாட்டு ராமன் என்ற பட்டம்

பிள்ளைகளே, நேற்றுச் சாப்பிடும்போது சின்னவள் என்னைப் பார்த்து, "அப்பா, சாப்பாட்டு ராமன் எண்டால் என்ன?" என்று கேட்டாள். அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தா. அந்தச் சிரிப்புக்கு விளக்கம் நான்தான் எழுத வேண்டும்.

அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறவனை அப்படிச் சொல்வார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட வாத்தியாரிடம் விசாரித்தேன். "ராமன் எண்ட பேர் எல்லா ஊரிலையும் இருக்கு. ஆரோ ஒருத்தன் நல்லாச் சாப்பிட்டிருப்பான், பேர் நிண்டிட்டுது" என்றார். (அவருக்கும் தெரியாது என்று விளங்கிக்கொண்டேன்.) ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது வந்த வழி எனக்குத் தெரியும்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, கொட்டில் போட்டுத் தனியாக இருந்தேன். சமையலும் நான்தான். சோறு அடியில் கரியாகவும் மேலே அரிசியாகவும் இருக்கும். (நடுவில் உள்ளதைத் தின்று உயிர் வாழ்ந்தேன்.) தரகர் செல்லையா அண்ணை இரக்கப்பட்டு, நெளுக்குளத்தில் ஒரு பெண் பார்க்கக் கூட்டிப்போனார். ஊரிலிருந்த என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வர முடியாமல் ஒரு புத்திமதி மட்டும் சொல்லியனுப்பினா: "போற வீட்டில இலையில ஒரு பருக்கையும் மிச்சம் விடாதை. சமைச்சவையின்ர மனம் நோகும்."

அந்த வீட்டு வழக்கமோ வேறு. விருந்தாளியின் இலை வெறுமையாகக் கிடந்தால் அவர்களுக்கு மானக்கேடு. கொஞ்சம் மிச்சம் விட்டால்தான் வயிறு நிறைந்தது என்று பொருள். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தா. கட்டினால் இவவைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஆகவே பிழை விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் முடிவெடுத்தேன்.

நான் இலையை வழித்துத் துடைத்தேன். பெண்ணின் தாய் உடனே சோறு போட்டா. மறுபடி துடைத்தேன். மறுபடி போட்டா.

"காணுமே தம்பி? இன்னும் கொஞ்சம் போடட்டே?"

காணும், போதும் என்றால் கறி சரியில்லை என்று நினைப்பாவோ என்று பயம். "போடுங்கோ மாமி!"

செல்லையா அண்ணை முழங்கையால் இடித்து, "கையை மறியடா!" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார். வயலுக்குள் வாய்க்கால் மறிக்கத் தெரிந்த எனக்கு இலையை மறிக்கத் தெரியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு முடிந்தது. முட்டியில் இருந்த எருமைத் தயிரும் முடிந்தது. குசினிக்குள் அகப்பை வெறும் பானையில் உரசியது. பிறகு தாயின் குரல் மெல்லக் கேட்டது:

"பிள்ளை, எங்களுக்கு ஒண்டுமில்லை. சரியான சாப்பாட்டு ராமன்!"

எங்கள் பக்கம் அப்படிப்பட்டவனைத் 'தின்னி' என்றுதான் ஏசுவார்கள். கோயில் பிரசங்கத்தில் கோதண்டராமன், பட்டாபிராமன் என்று கேட்டிருந்த எனக்கு இதுவும் அந்த வரிசையில் ஒரு பட்டமாகவே பட்டது. நெஞ்சு நிமிர்ந்தது. (வயிறு ஏற்கெனவே நிமிர்ந்திருந்தது.)

கை கழுவி வந்ததும் பெண்ணின் தகப்பன் கதிரையைக் காட்டி, "தம்பி, உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார்.

"நானென்னத்தைச் சொல்லுறது? மாமியே சாப்பாட்டு ராமன் எண்டு சொல்லிப்போட்டா. அந்தப் பேரைக் கடைசிவரைக்கும் காப்பாத்துவன்!"

தகப்பன் வாய் திறந்தபடி இருந்தார். செல்லையா அண்ணைக்கு வெற்றிலை புரையேறியது. குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் சிரிக்கும் சத்தம், அடக்க அடக்கப் பொங்கி வந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணை வெடித்தார். "பட்டமோ? அது ஏச்சடா விசரா! இந்தச் சம்பந்தம் முடிஞ்சுது!"

வயிறு நிறைந்திருந்தும் அதற்குள் ஏதோ காலியானது. அந்தச் செம்பையும் அந்தப் பார்வையையும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

சில நாள் கழித்து அண்ணை சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "தாய் வேண்டாமெண்டுதான் நிண்டவா. 'இவனுக்குச் சமைச்சே நீ தேஞ்சுபோடுவாய்' எண்டிருக்கிறா. பெட்டை என்ன சொன்னது தெரியுமே? 'ஏச்சையே சந்தோசமா வாங்கிற மனுசன் என்னோடை சண்டைக்கு வரமாட்டார் அம்மா. எனக்கு ஓம்' எண்டுதாம்."

அந்தப் பெட்டைதான் உங்கள் அம்மா. இன்றைக்கும் நாங்கள் நெளுக்குளம் போனால் மாமி படலையில் என்னைக் கண்டதுமே உள்ளே திரும்பி, "ராமன் வந்திட்டார், இன்னொரு சுண்டு அரிசி போடுங்கோ!" என்று கூப்பிடுவா. காரணம் தெரியாமலே நீங்கள் சிரிப்பது அதற்குத்தான்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அன்று அண்ணை போனபிறகு வாழையிலை ஒன்று வெட்டிவந்து, கொட்டிலுக்குள் தனியாக உட்கார்ந்து சோறு போட்டேன். இடக்கையில் அகப்பையைப் பிடித்து அதை மாமியாக்கி, வலக்கையை இலைக்குக் குறுக்கே நீட்டி, "காணும் மாமி" என்று சொல்லிப் பழகினேன். முதலில் அதட்டலாக வந்தது. பிறகு கெஞ்சலாக வந்தது. கடைசியில் மரியாதையாகவே வந்துவிட்டது.

திருப்தியோடு கையை எடுத்தேன். இலையில் சோறு கிடந்தது. அன்றைக்கென்று அது கருகவும் இல்லை. வழித்துச் சாப்பிட்டேன்.