புதுப் பொறுப்பாளரும் மாடிப் புகையும்

மாடி ஜன்னலில் புகை வந்தபோது, கதிரேசன் தீ பாதுகாப்புப் பொறுப்பாளராகிச் சரியாக ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பெருந்துறையில் இருநூறு பெண்கள் தைக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் நேற்றுவரை அவன் வெறும் சூப்பர்வைசர். கோவையில் மூன்று நாள் பயிற்சி முடித்து, மஞ்சள் ஜாக்கெட்டோடு வந்திருந்தான். ஆபத்து என்று வந்துவிட்டால் முதலாளியே அவன் பேச்சைக் கேட்க வேண்டுமாம். நினைக்கவே கூச்சமாக இருந்தது.

“ஏனுங்கண்ணா, மேல யாராச்சும் இருக்காங்களா?” என்று வாட்ச்மேன் கருப்புசாமியிடம் கேட்டான்.

“முதலாளியும் அம்மாவும் இப்பத்தானுங்க மேல போனாங்க!”

 கதிரேசன் சைரனை அழுத்தினான். இருநூறு பேரும் வெளியே வந்து, கேட்டை மறித்து நின்றுகொண்டு கதை பேச ஆரம்பித்தார்கள்.

“அம்மணிகளா, ஒதுங்குங்க! தீயணைப்பு வண்டி வரோணும்!”

“வண்டிக்குச் சொல்லிப்போட்டீங்களாண்ணா?”

சொல்லவில்லை. அதற்குள் மின்கசிவாக இருக்குமோ என்ற பயத்தில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

“போச்சு போங்க! தண்ணி மோட்டாரும் அதுலதானுங்க ஓடுது,” என்றார் கருப்புசாமி.

தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடப் போனை எடுத்தான். முதலாளியிடமிருந்து நாலு மிஸ்டு கால்! சைரன் சத்தத்தில் கேட்கவே இல்லை. திருப்பி அடித்தால் எடுக்க ஆளில்லை.

“அய்யோ, காப்பாத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்காருங்கண்ணா! கோட்டை உட்டுப்போட்டனே!”

பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட மனுஷன். கதிரேசனுக்குக் கண்ணீர் முட்டியது. பொறுப்பாளர் வெளியே நின்று உத்தரவுதான் போட வேண்டும், தானே உள்ளே ஓடக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம்? தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். கதவை ஒரே உதை. புகையில் கண்ணை மூடிக்கொண்டு, சிலிண்டர் காலியாகும்வரை பீய்ச்சினான்.

சிலிண்டரிலிருந்து கிளம்பிய வெள்ளை மாவு மெல்ல அடங்கியது. முதலாளி தம்பிதுரை தலைமுதல் கால்வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் மனைவி தெய்வாத்தாள் இருமிக்கொண்டிருந்தார்.  

மூலையில் மூன்றாவதாக ஒரு வெள்ளை உருவம், கையில் நெய்க் கரண்டியோடு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“தம்பி, இங்க கதிரேசன்னு புதுசா ஒரு பொறுப்பாளருங்களாம். நெருப்பால அவருக்கு ஒரு கண்டமும் வரக்கூடாதுன்னுதான் முதலாளி இந்த ஹோமமே பண்றாரு. நாலு தடவ கூப்பிட்டும் எடுக்கலீங்க, அவரு நட்சத்திரம் என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”