தலைவர் பேசும்போது

"இந்தப் பேண்டின் வரலாறு என்னவென்றால்..." என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டையன் தொண்டையைச் செருமியதும் பெரிய டிரம் 'டம்' என்று இறங்கியது. பின்னாலேயே கிளாரினெட் ஒரு பாட்டுக்கும் டிரம்பெட் வேறொரு பாட்டுக்கும் புறப்பட்டன. ஜால்ரா இரண்டுக்கும் பொதுவாக அடித்துக்கொண்டது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், கரும்புத் தோட்டம் இவற்றோடு ஊர்ப் பேண்டின் தலைவர் பதவியும் செங்கோட்டையனுக்குத் தந்தைவழிச் சொத்தாக வந்திருந்தது. சங்கீத ஞானம் மட்டும் வரவில்லை. அவரும் அதைத் தேடவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பேண்டுக்கு வெள்ளி விழா வைத்தார். மறைந்த தந்தையின் படத்தைத் திறந்துவைத்து, 'பேண்டைத் தோற்றுவித்த பெருமகன்' என்று மனதாரப் பேசித் தீர்ப்பதாக ஏற்பாடு. காரணம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பள்ளிபாளையத்துத் தறிக்காரர் சின்னுசாமி. செங்கோட்டையனின் மகள் வசந்தாமணியைத் தன் மகனுக்குப் பார்த்துவிட்டுப் போய், இன்னும் சரி என்று வாய்திறக்காத மனிதர். குடும்பப் பெருமையை அவர் காதில் போட இதைவிட நல்ல நாள் ஏது?

வாசிப்பு ஒருவழியாக ஓய்ந்தது.

"ஏப்பா மயிலு, தலைவர் பேசறப்ப ஊதச்சொல்லி யாரு சொன்னது?"

பேண்டு மாஸ்டர் மயில்சாமி சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க செருமுனீங்களுங்க. சைகையாக்கும்னு நெனச்சுட்டோம்."

செங்கோட்டையன் இந்த முறை செருமாமல் ஆரம்பித்தார். "என் தந்தையார் அவர்கள்..."

டம்.

"இப்ப என்னய்யா?"

"பெரியவரு பேரைச் சொன்னீங்களுங்க. சும்மா நிக்கறது மரியாதைங்களா?"

இவர்களிடம் நியாயம் பேசுவது வீண் என்று செங்கோட்டையன் முடிவுகட்டினார். கோட்டு போட்டவனெல்லாம் வித்வானா? நேராகப் போய் டிரம் அடிக்கும் சென்றாயனிடமிருந்து குச்சியைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்குக்குத் திரும்பினார்.

"எங்கள் குலவிளக்கு..."

பட், பட் என்று கேட்டது. சென்றாயன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி டிரம்மை அடித்துக்கொண்டிருந்தான். திரை போட்டு வைத்திருந்த படத்துக்கு எதிரே செருப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னுசாமியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செங்கோட்டையனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சம்பந்தம் போயே போச்சு என்று நினைத்தார்.

"உங்களுக்குச் சோறுதானே முக்கியம்? எல்லாரும் போய்ப் பந்தியில உக்காருங்க. போங்க!"

பேண்டு போயிற்று. செங்கோட்டையன் நிம்மதியாக மைக்கைப் பிடித்து, தந்தையின் பாட்டனார் காவிரிக்கரைக்கு வந்து குடியேறியதிலிருந்து தொடங்கினார். பாட்டனாரின் மாட்டுவண்டி ஆற்றைத் தாண்டுவதற்குள் கூட்டத்தில் சலசலப்பு.

"பேண்டு எங்கீங்க?" என்று ஒருவர் எழுந்தார்.

"சாப்புடப் போயிருக்குதாமா!"

"அடக் கெரகமே! ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்கப்பா!"

பெண்கள்கூட எழுந்து ஓடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த செங்கோட்டையனுக்குக் கோபத்துக்கு நடுவே நெஞ்சு விம்மியது. இந்தப் பட்டிக்காட்டு ஜனங்களுக்குள் இவ்வளவு இசைப்பற்றை ஊட்டிவிட்டல்லவா தந்தை போயிருக்கிறார்! அதையும் பேச்சில் சேர்த்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், எச்சில் கையோடு பேண்டு வந்து சேர்ந்தது. மயில்சாமி வாயில் இருந்ததை விழுங்காமலே ஊத, கிளாரினெட்டின் மறுமுனையில் சோற்றுப்பருக்கை தெறித்தது. அதற்குப்பின் அவர்கள் நிறுத்தவே இல்லை. செங்கோட்டையன் சத்தமில்லாமல் படத்தைத் திறந்துவைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

சின்னுசாமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க. என்ன ஒத்துமைங்க உங்க ஊருல! பையனுக்கு வசந்தாமணியவே முடிச்சுக்கலாமுங்க. கல்யாணத்துக்கு இதே பேண்டுதான் வரோணும்."

செங்கோட்டையனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனாலும் பேச முடியாத பேச்சு தொண்டையிலேயே நின்றது. பந்தலோரம் பேண்டுக்காரர்களுக்குச் சுக்குக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்த, ஊரிலேயே மூத்தவளான சென்னியம்மாளிடம் போனார்.

"நீயே சொல்லு ஆத்தா, எங்கய்யன் இல்லீன்னா இந்த ஊருக்குப் பேண்டு வந்திருக்குமா? அந்த ஒரு வார்த்தையச் சொல்ல உட்டானுகளா பாரு!"

சென்னியம்மாள் டம்ளரை நீட்டினாள்.

"வந்தே இருக்காதுங்க சாமி. உங்கய்யன் மைக்கப் புடிச்சா உடமாட்டாருன்னுதானே, ஊரே கூடி இந்தப் பேண்டை வெச்சுது!"