கத்தும் கதவும் காதுகுத்தும்

கிட்வாய் நகர், புது டில்லி
9-2-86

மகா அன்புள்ள மாப்பிள்ளை கலியமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சிவஞானம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்சவேணியும் குளிரில் விறைத்தபடி சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கை சாந்தகுமாரியும் மருமகப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்கச் சீர்காழி சட்டைநாதர் அருள்வாராக.

விஷயம், காதுகுத்து. மாசி பன்னிரண்டு என்று பத்திரிகை அடித்தாயிற்று என்பதும், தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கவே இக்கடிதம். கோபப்படுவதானால் முழுக்கப் படித்துவிட்டுப் படவும்.

எங்கள் ஆபீஸ் இருக்கும் பவன் வாசலில் உலோகத்தைக் கண்டால் கத்துகிற ஒரு கதவை நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை என் தலையில். உடம்பில் குண்டூசிகூட இல்லாத ஆள் ஒருவன் இருபது தடவை நுழைய வேண்டும், கதவு மூச்சு விடக்கூடாது. அதே ஆள் ஒரு இரும்புத் துண்டைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு நுழைய வேண்டும், ஒவ்வொரு தடவையும் கத்த வேண்டும். இதுதான் விதி. எங்கள் மேலதிகாரி சக்ஸேனா சாப் என்னைக் கூப்பிட்டு, மதராஸி ஆட்கள் மோதிரம்கூடப் போடுவதில்லை, ஆகையால் நீயே அந்த ஆள் என்று சொல்லிவிட்டார். நானும் வாட்ச், பெல்ட், சாவிக்கொத்து, பேனா எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு நுழைந்தேன். கத்தியது. செருப்பில் ஆணி இருக்கும் என்றார்கள், வெறுங்காலோடு போனேன், கத்தியது. பேண்ட் ஜிப்பாக இருக்கும் என்று பைஜாமாவுக்கு மாறினேன், பிப்ரவரிக் குளிர்ல பல்லு தந்தியடிக்குது மாப்பிள்ளை, அதுக்கும் கத்துச்சு. மெஷின் கம்பெனி எஞ்சினியர் சோப்ரா பாவம், கதவோட கூர்மையைத் திருகிக் குறைச்சார். நான் போனேன், சத்தமில்லை, அச்சா அச்சான்னு கை தட்டினாங்க. அப்புறம் இரும்புத் துண்டோட போனா அதுக்கும் சத்தமில்லை. மறுபடி கூட்டினார், மறுபடி கத்துச்சு. நடுவிலே பியூன் ராம்லால் டீ கிளாஸோட போறான், கதவு ஊமையா நிக்குது. ஆளுக்கொரு நியாயமா, இந்த மெஷின் நம்பத் தகுந்ததில்லைன்னு ஆறு ரிப்போர்ட் எழுதிட்டேன். ஒவ்வொன்றிலும் 'சோதனையாளர் உடம்பில் உலோகம்: இல்லை' என்று என் கையெழுத்து. சோப்ராவுக்கு வேலையே போயிடும் போல இருக்கு. சக்ஸேனா சாப் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "மெஷின் பாஸானால்தான் உனக்கு லீவு."

ஆகவே, பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்க்கவும். தாய்மாமன் இருந்தும் பிள்ளையை வேறொருத்தர் மடியில் உட்கார வைத்தார்கள் என்ற சொல் எனக்கு ஆயுசுக்கும் தாங்காது. பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், மருமகனுக்கு ஆயிரம் முத்தம். அம்பாள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சிவஞானம்

பின்குறிப்பு: நாளைத் தள்ள வேண்டாம். மேலே எழுதியதை அம்சவேணிக்குப் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் சரி, இடுப்புல கெடக்குற வெள்ளி அரைஞாணைக் கழட்டினீங்களா?" மாப்பிள்ளை, நாற்பது வருஷமாகக் குளிக்கும்போதுகூடக் கழற்றாததை நகை என்று யார் நினைப்பார்கள்? நாளைக்குக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு போகிறேன். மெஷின் தேறிவிடும், தான் கடைசியாகத் திருகியதால்தான் என்று சோப்ரா நினைத்துச் சந்தோஷப்படட்டும். இன்லண்ட் லெட்டர் வீணாகக்கூடாதே என்றுதான் இதைக் கிழிக்கவில்லை. சாந்தகுமாரி கையில் சிக்கினால் பந்தல் முழுக்க வாசித்துவிடுவாள். அந்த வெள்ளிக் கொடியை அழித்து மருமகனுக்கே அரைஞாண் செய்து கொண்டுவருகிறேன். அவனுக்கும் டில்லியில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால், ஆபீஸுக்குள் நுழையுமுன் அதைக் கழற்றச் சொல்லி வையுங்கள்.